ஹாரன் அடித்தும் நகராத பெண்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம். சித்தேரி மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் ஜவ்வரிசி மில்லில் இறக்கிக்கொண்டிருந்தேன். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்வதைத்தான் மற்ற ஊர்களில் மரவள்ளி என்கிறார்கள். வண்டி என்னுடைய சொந்தப் பிக்கப். பதினாறு வருடத்து வண்டி. அதை வாங்கும்போது என் தலையில் ஒரு நரைமுடிகூட இல்லை, இப்போது கறுப்பைத்தான் தேட வேண்டும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு என் காதின்மேல் அப்படி ஒரு கர்வம். ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து, இதற்குக் கிளட்ச் போகப்போகிறது, அதற்கு பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வேன். மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்று நிற்பார்கள். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் என்னிடம் வருகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அப்பேர்ப்பட்ட என் வண்டியிலேயே ஒரு சத்தம் வந்தது. கிறீச், கிறீச் என்று, ஒரு நேரம் எலி கத்துகிற மாதிரி, ஒரு நேரம் பழைய கதவைத் திறக்கிற மாதிரி. லோடு இருந்தால்தான் வரும். அதுவும் வளைவில் திரும்பும்போது மட்டும். கீழே இறங்கி, மூட்டையை இறக்கிவிட்டு, மெக்கானிக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் வாயே திறக்காது. "எங்கண்ணா சத்தம்?" என்று அவர் கேட்க, நான் அசடு வழிய நிற்பேன்.

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஃபேன் பெல்ட் என்றார் ஒருவர். சோப்புத் துண்டைத் தேய்த்துப் பார்த்தேன். பின்கதவுச் சங்கிலி உரசுகிறது என்றார் இன்னொருவர். வீட்டிலிருந்து பழைய லுங்கியைக் கிழித்துக்கொண்டு வந்து சங்கிலி முழுக்கச் சுற்றினேன். உள்ளே நிஜமாகவே எலி இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்ல, சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். எலி இல்லை, என் பெண் சின்ன வயதில் தொலைத்த வெள்ளிக் கொலுசு கிடைத்தது. அவளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

கடைசியில் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருநாள் மலைக்குப் போனேன். நான் ஓட்ட வேண்டும், அவள் சத்தம் வரும் இடத்தைச் சொல்ல வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"பின்னாடிதான் கேக்குது. இல்ல, காலுக்கு அடியில. இல்லீங்க, உங்க பக்கம்."

"ஒரு எடத்தைச் சொல்லு."

"அது ஒரு எடத்துல நின்னாத்தானே நான் சொல்லுறதுக்கு."

அன்றைக்கு முழுக்க எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்குள் நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இது கமான் பட்டைதான். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள். போன வருஷம்தான் கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை அதிகமாகப் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் தக்காளி வண்டியோ கிழங்கு வண்டியோ, எல்லோரும் செய்கிற வேலைதான் அது. வண்டி அழுந்தாமல் நிமிர்ந்து நிற்கும், பார்க்க லட்சணமாக இருக்கும். புதுப்பட்டை பழைய பட்டையோடு உரசுகிறது என்று விளக்கெண்ணெய் வாங்கி ஊற்றினேன். இரண்டு நாள் சத்தம் குறைந்தது. பார்த்தாயா என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மூன்றாவது நாள் மறுபடியும் கிறீச். மறுபடியும் எண்ணெய். இப்படியே மூன்று வாரம் ஓடியது. காரணம் தெரிந்த சத்தம்தானே என்று அதற்கப்புறம் நான் பயப்படுவதையே விட்டுவிட்டேன்.

கிழங்கு பிடுங்கக் கீழே இருந்து எட்டுப் பெண்கள் என் வண்டியில்தான் வருவார்கள். காலையில் காலி வண்டியில் ஏறி மலைக்குப் போவார்கள். சாயங்காலம் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து இறங்குவார்கள். லோடு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நின்றால் வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்க நேரமாகிவிடும் என்று கெஞ்சுவார்கள். நானும் சரி என்றுவிடுவேன். அன்றைக்கு அது எனக்கு உதவியாகத்தான் தெரிந்தது.

அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் அந்த வாரம்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் நாத்தனார் அவர். நாத்தனாரும் அண்ணியுமாகச் சேர்ந்து வருவார்கள். அண்ணி கையை ஆட்டி, கண்ணைக் காட்டி எதையோ சொல்வார், இவர் சிரிப்பார். அவர்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. மற்றவர்கள் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் விரித்து வைத்துக்கொள்வார். பயத்தில் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அவர் வேலைக்கு வந்த மூன்றாம் நாள் காலை. பாதி மலை ஏறியிருப்போம். கேபினுக்குப் பின்னால் டம் டம் என்று அடிக்கிற சத்தம். வண்டியை ஓரங்கட்டினேன். அந்தப் பெண் கீழே குதித்து, தரையைத் தரையைக் காட்டினார். ஏதோ அவசரம் போல என்று நினைத்து, நான் நாகரிகமாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரொம்ப நேரமாகியும் ஏறுகிற சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளே தலையை விட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாவாம்?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"வண்டி சரியில்லைன்னு சொல்லுறா அண்ணா."

"பதினாறு வருசமா ஓட்டுறேன். ஏறச் சொல்லும்மா."

அந்த வண்டியில் எது சரியில்லை என்று எனக்குத் தெரியாதா என்கிற எண்ணம். அவர் தயங்கித் தயங்கி ஏறினார். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மூன்றரை மணிக்கு லோடு முடிந்தது. அன்றைக்கு மூட்டை வழக்கத்தைவிட அதிகம். கயிறு கட்டி முடித்து, ஏறுங்கள் என்றேன். ஏழு பேர் ஏறிவிட்டார்கள். அந்தப் பெண் ஏறவில்லை. வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மேலே இருந்தவர்கள் அசையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு ஓடிப்போய் அண்ணியின் காலைப் பிடித்து இழுத்தார். அண்ணி இறங்கியதும் அடுத்த பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவர் வண்டிக்கு முன்னால் வந்து, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். மில்லில் ஐந்து மணிக்குள் இறக்காவிட்டால் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். கிழங்கு ஒருநாள் தங்கினால் உள்ளே கறுத்துப்போகும், தோட்டக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அதோடு விடவில்லை. வண்டியில் ஏறி, என்ஜினைப் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தேன். காது கேட்காத ஒரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்தவன் நான். மற்ற பெண்கள் முதலில் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அடி நகரவில்லை.

அண்ணிதான் ஜன்னல் பக்கம் வந்தார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இவ எட்டு வருசம் ஜவ்வரிசி மில்லுல வேலை செஞ்சவ. அங்க மோட்டாரு, சல்லடை எதுனா கெடப்போவுதுன்னா மொதல்ல இவதான் போயி நிப்பா. ஒருக்கா சொல்லியும் கேக்காம ஓட்டி, சல்லடை பிச்சிக்கிட்டு வந்துருச்சு. ஒரே ஒருக்கா எறங்கிப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா நானே அவள இழுத்துட்டுப் போயிடுறேன்."

அவர் பேசிய தன்மையான பேச்சுக்காகத்தான் இறங்கினேன். ஒன்றும் இருக்காது என்று நிரூபித்துவிட்டுக் கிளம்பும் எண்ணம். என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனார். நானும் பின்னால் போனேன்.

பாடிக்கு அடியில் வண்டியின் நீளத்துக்கு இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள் போகும். சேஸ் என்போம். என்ஜின், பாடி, பாரம் எல்லாம் அதன்மேல்தான். நமக்கு முதுகெலும்பு இருப்பதைப் போல. அவர் இடது பக்கச் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்து, கமான் பட்டையைச் சட்டத்தோடு பிணைத்திருக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். என் வலது கையைப் பிடித்து அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் வைத்தார். இடது கையை ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு வெளியே கையை நீட்டி ஆட்டினார். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஏழு பெண்களும் சேர்ந்து வண்டியைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைத்தார்கள்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரும்பு சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் என் கண்ணைக் காட்டி மூடச் சொன்னார். மூடினேன். மறுபடியும் அசைத்தார்கள். அப்போது தெரிந்தது. வலது கைக்கு அசைவு முதலில் வந்தது. இடது கைக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் பிந்தித்தான் வந்தது. ஒரே இரும்பு இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில்தான் அசைய வேண்டும். கண்ணைத் திறந்தேன். அவர் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்து, ஒன்றை மட்டும் மெல்ல நழுவவிட்டுக் காட்டினார். இரண்டும் சேர்ந்து போகவில்லை என்கிறார். அதை இத்தனை தெளிவாக வாயால் யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

தண்ணீர் பாட்டிலை வாங்கி ஊற்றி, முந்தானை நுனியால் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தார். அதற்கு அடியில் கறுப்பு பெயிண்ட். பெயிண்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, சட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போனது. கோட்டின் இரண்டு கரையிலும் செம்மண் மாதிரி துருப்பொடி. பெண்கள் வண்டியை அசைக்க, அந்தக் கோடு திறந்து மூடியது. கிறீச் என்றது. மூன்று வாரமாக நான் தேடிய சத்தம், என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எங்கள் பக்கம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, வண்டியைக் கொண்டுபோவதற்கு முன், சேஸ் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் புதிதுபோல ஆக்குவது வழக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பெயிண்டை அடித்தது நான்தான். அப்போதே அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்தேன். பழைய வெல்டிங் தழும்பு என்று நினைத்து, பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாதே என்று அதன்மேல் மட்டும் இரண்டு தடவை பிரஷ் போட்டேன். நல்லா மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணால் பார்த்ததை நானே கையால் மூடியிருக்கிறேன்.

அடியிலிருந்து வெளியே வந்ததும் இறங்க வேண்டிய பாதையைத் திரும்பிப் பார்த்தேன். சித்தேரிப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், எத்தனை வளைவு, எவ்வளவு பள்ளம் என்று. நான் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். பெண்களும் சேர்ந்து மூட்டையை இறக்கினார்கள். தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, கிழங்கு கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும் என்று தன் கொட்டகையில் அடுக்கச் சொன்னார். எட்டுப் பேரையும் பஸ் ஏற்றிவிட்டு நான் மலையிலேயே தங்கிக்கொண்டேன். பஸ் கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது போல, முகத்தை அண்ணியின் தோளில் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பாப்பிரெட்டிப்பட்டி லேத் பட்டறை பாய் வந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அடியில் போய்ப் படுத்து, ரம்பத் தகடு ஒன்றை எடுத்து அந்த விரிசலுக்குள் விட்டார். தகடு போய்க்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் உள்ளே போய்த்தான் நின்றது.

"மேல கொஞ்சந்தான் புடிச்சிட்டு இருக்குது அண்ணா. பட்டை சேத்துப் போட்டீங்களா?"

"ஆமாம் பாய்."

"பட்டை வளைஞ்சு குடுத்தா சேஸுக்கு அடி வுழாது. நீங்க பட்டைய வெறப்பாக்கிட்டீங்க. வாங்க வேண்டிய அடியெல்லாம் சேஸு வாங்கியிருக்குது." தகட்டை மெல்ல வெளியே இழுத்தார். "இதோட லோடு வெச்சு எறங்கி, வளைவுல ஒரு பிரேக் போட்டிருந்தீங்கன்னா..." என்றவர் அதை முடிக்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இத யாரு கண்டுபுடிச்சது? வண்டிய ஏத்தி வெச்சு லைட் அடிச்சுப் பாத்தாலே எங்களுக்குச் சில நேரம் தெரியாது" என்றார்.

நான் சொன்னேன். அவர் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு தானும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

வண்டி சரியாவதற்கு இரண்டு வாரம் ஆனது. கூடுதல் பட்டைகளைக் கழற்றி எறிந்தேன். அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை. அண்ணி வாசலிலேயே, "வாங்கண்ணா, வூட்டுக்குள்ள வாங்க" என்று கூப்பிட்டு, மோர் கொடுத்தார். அன்றைக்கு நான் திட்டியதற்கு என் சார்பில் நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்கும்படி அவரிடம் சொன்னேன்.

"அவளுக்குத்தான் கேக்காதேன்னு இருந்துடாதீங்கண்ணா. மொகத்தைப் பாத்தாலே அவளுக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி சைகையில் என் மன்னிப்பைச் சொன்னார். அந்தப் பெண் ஹாரன் அடிப்பது போல உள்ளங்கையைக் காற்றில் அழுத்தி அழுத்திக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"மூணு வாரமா அந்தச் சத்தத்தைத் தேடாத எடம் இல்லைன்னு சொல்லும்மா" என்றேன். அண்ணி சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. புருவத்தை உயர்த்தி, தன் காதைத் தொட்டு, என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"வண்டியில சத்தம் வந்துச்சான்னு கேக்குறா" என்றார் அண்ணி.

நாங்கள் மூன்று வாரம் அந்தச் சத்தத்தைத் துரத்தினோம். ஸ்டாண்டே கூடிப் பேசியது. அவருக்கு அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியாது. அவர் தேடியது சத்தத்தை அல்ல. அடுத்து, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். கிறீச் என்பதைக் காது கேட்காதவருக்கு எப்படிக் காட்டுவது? பல்லைக் கடித்தேன், முகத்தைச் சுளித்தேன், நகத்தால் தட்டைக் கீறினேன். ஒன்றும் சரியாக வரவில்லை. என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து வந்து, என் மனைவியின் கையைப் பிடித்து, முன்கையில் இரண்டு விரலால் தட்டினார். ஒரு தட்டு. அதை ஒட்டி, கொஞ்சம் பிந்தி, மெல்லிசாக இன்னொரு தட்டு. இப்படித்தான் இருந்தது என்று தலையசைத்தார். பதினாறு வருடம் ஓட்டிய என் வண்டி உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதை, மூன்றே நாள் அதில் உட்கார்ந்து வந்தவர் என் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஆச்சரியப்பட்டேன் என்று சொன்னால் அது ரொம்பச் சின்ன வார்த்தை. கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கும்போது வாயடைத்துப் போகுமே, அப்படித்தான் இருந்தது.

லோடு வண்டியில் ஆள் ஏற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். மூன்று மணி பஸ்ஸுக்கு வேலையை முடித்து அனுப்பிவிடும்படி தோட்டக்காரரிடம் பேசி வைத்தேன். ஸ்டாண்டில் யாராவது வண்டியைக் கொண்டுவந்து, கேட்டுச் சொல்லுங்கள் என்றால், இப்போதும் கேட்கிறேன். ஆனால் முன்போல உடனே வாயைத் திறப்பதில்லை. இறங்கி, அடியில் போய், கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். பல நேரம் என் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் இப்போது கூச்சமில்லை.

மில்லில் மூட்டையை இறக்கிவிட்டு வீடு திரும்பும் சாயங்காலங்களில், இந்நேரம் அந்த எட்டுப் பேரும் அவரவர் வீட்டில் அடுப்புப் பற்றவைத்து, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு, சோறு ஆக்கிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும்போதெல்லாம், அது என் காதினாலும் இல்லை, என் அனுபவத்தினாலும் இல்லை, நான் ஹாரன் அடித்தும் நகராமல் நின்ற ஒருவரால் என்பதை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகிறது.